பிடிஎப் கோப்பும் வெள்ளெழுத்துக் கண்ணும்

2024 டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை. அப்புத்தளையில் எமது கடை வாசலில் இருந்த அரிசி மூட்டைகளின் மீது மூன்று விலை அட்டைகள் குத்தப்பட்டிருந்தன. பச்சையரிசி 230 ரூபா, நாட்டரிசி 240 ரூபா, சம்பா 260 ரூபா. மூன்றும் பிழை.

அன்று தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள். கடைக்குள் நிற்க இடமில்லை. சாமான் வாங்க வந்த ஓர் அம்மா அட்டையைப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே கேட்டார்: "மொதலாளி, ரேடியோவுல சம்பா எறநூத்தி நாப்பதுனு சொன்னாங்களே? ஒங்க கடையில மட்டும் என்னா இருபது ரூவா கூட?"

எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அம்மா சொன்னதே சரி. அந்த மாதம் அரசாங்கம் உள்நாட்டு அரிசிக்கு உச்ச சில்லறை விலையை நிர்ணயித்து வர்த்தமானியில் வெளியிட்டிருந்தது. கிலோ ஒன்றுக்குப் பச்சையரிசி 220, நாட்டரிசி 230, சம்பா 240, கீரி சம்பா 260 ரூபா என்பதே அந்த விலை. என் அட்டைகளில் ஒவ்வொரு விலையும் ஒரு வரி மேலே ஏறியிருந்தது. நாட்டரிசியின் விலை பச்சையரிசிக்கும், சம்பாவின் விலை நாட்டரிசிக்கும், கீரி சம்பாவின் விலை சம்பாவுக்கும் போய்விட்டது.

அட்டைகளை உடனே கழற்றினேன். அதுவரை அரிசி வாங்கியிருந்தவர்கள் ஆறு பேர். எல்லோரும் தெரிந்த முகங்கள். கொப்பியைப் பார்த்து, கூட வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் பதிலாக ஓர் அதிகாரி வந்திருந்தால் கதை வேறு. உச்ச விலைக்கு மேல் விற்றதற்கான தண்டப்பணம், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்துக்கு 2021இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, தனிநபருக்கு ஒரு இலட்சம் ரூபாவிலிருந்து ஐந்து இலட்சம் வரை. கம்பனியாக இருந்தால் ஐந்து இலட்சத்திலிருந்து ஐம்பது இலட்சம் வரை. "கம்பியூட்டர் பிழைவிட்டது ஐயா" என்று நீதவானிடம் சொல்லித் தப்ப முடியுமா?

ஆனால் உண்மையில் நடந்தது அதுதான். பிழைவிட்டது கம்பியூட்டர். அதை நம்பியது நான். அந்தக் கதையையும், அதிலிருந்து நான் படித்துக்கொண்ட வேலையையும் இந்த வாரம் சொல்கிறேன். வாசிப்பில் நாட்டமுள்ள சகோதர வியாபாரிகளுக்கு இரண்டுமே உதவும்.

கை நீளம் போதவில்லை

ஐம்பதைத் தாண்டிய எமக்கெல்லாம் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. பற்றுச்சீட்டைக் கையை நீட்டி நீட்டிப் பிடித்து வாசித்து, கடைசியில் கை நீளம் போதாமல் கண்ணாடிக் கடைக்குப் போகிறோம். இந்த நேரம் பார்த்துத்தான் உலகத்திலுள்ள காகிதமெல்லாம் பிடிஎப் கோப்பாகிவிட்டது. வர்த்தமானி, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் அறிவித்தல், வங்கிக் கணக்கறிக்கை, கொழும்பு மொத்த வியாபாரியின் விலைப்பட்டியல் எல்லாம் வட்ஸ்அப்பில் பிடிஎப்பாகவே வருகின்றன. கைத்தொலைபேசியில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. ஒரு வரியை வாசிக்க இடமும் வலமும் மூன்று தடவை இழுக்க வேண்டும்.

கட்டாரிலிருக்கும் மகன் லீவில் வந்தபோது ஒரு ஈ-ரீடர் கொண்டுவந்தான். "வாப்பா, இதுல வெளிச்சம் கண்ணுல அடிக்காது, எழுத்தையும் வேணுமான அளவுக்குப் பெருசாக்கலாம்" என்றான். உண்மைதான். அமேசன் நிறுவனம் 2007இல் விற்பனைக்கு விட்ட கிண்டிலும், கோபோ போன்ற மற்றக் கருவிகளும் மின்மைத் திரையில் இயங்குபவை. காகிதத்தில் மை ஒட்டிய மாதிரி எழுத்து நிற்கும். கடை விளக்கின் கீழும் வாசிக்கலாம், வெயிலிலும் வாசிக்கலாம். பக்கம் புரட்டும்போதுதான் பெரிதாக மின்சாரம் செலவாகும் என்பதால் ஒரு தடவை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வரும். பிற்பகலில் மூடுபனி ஏறி, பஸாரில் ஆள் நடமாட்டம் குறையும் வேளையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க இதைவிட நல்ல சாமான் இல்லை.

ஆனால் அதில் பிடிஎப் கோப்பைப் போட்டதும் பழைய வருத்தம் திரும்பி வந்தது. எழுத்து முன்னரைவிடச் சிறிது!

ஏன் அப்படி?

பிடிஎப் என்பது 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட கோப்பு வகை. அதன் நோக்கமே, ஒரு பக்கம் எந்தக் கம்பியூட்டரில் திறந்தாலும் எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான். ஒவ்வோர் எழுத்தும் தாளில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஆணி அடித்துவிடுகிறார்கள். அச்சடிக்க அது பெரிய வசதி. சிறிய திரையில் வாசிக்க அதுவே தடை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். ஆறு அங்குல ஈ-ரீடரின் திரை அகலம் ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர். 21ஐ 9க்குள் அடைத்தால், 12 புள்ளி அளவில் அச்சான எழுத்து 5 புள்ளியாகச் சுருங்கும். மருந்துப் போத்தலின் துண்டுக் காகிதத்திலுள்ள எழுத்துப் போல.

எமது ஊருக்குப் பழக்கமான உதாரணம் ஒன்று சொல்வேன். தம்பேதென்ன தோட்டத்தை 1890இல் வாங்கிய தோமஸ் லிப்டன் தேயிலையில் பெயர் பெற்றது எப்படி? பெரிய பெட்டியில் வந்து, கடையில் அள்ளி நிறுக்கப்பட்ட தேயிலையை, வீட்டுக்காரருக்குத் தேவையான அளவில் சிறு பைக்கெட்டுகளாக்கி விற்றார். பிடிஎப் என்பது தேயிலைப் பெட்டி. ஈ-ரீடருக்கு வேண்டியது பைக்கெட். ஈபப் என்ற மின்னூல் வகை அப்படிப்பட்டது. அதில் எழுத்துக்கு ஆணி கிடையாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கி அடுத்த வரிக்கு வரும்.

ஆகவே பெட்டியைப் பிரித்துப் பைக்கெட் போடலாம். ஆனால் பைக்கெட் போடுபவர் நிறையைச் சரிபார்க்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை.

முதலில் என்ன சரக்கு என்று பாருங்கள்

பிடிஎப்பை மாற்றும் மென்பொருளில் பலரும் பாவிப்பது கலிபர். கோவிட் கோயல் என்ற இந்தியர் 2006இல் தொடங்கியது, இலவசம். கோப்பை உள்ளே போட்டு, மாற்று என்றால் ஈபப் வந்துவிடும். ஆனால் மாற்றுவதற்கு மிக மோசமான மூலங்களில் ஒன்று பிடிஎப் என்று அந்த மென்பொருளின் கையேடே எச்சரிக்கிறது. தமிழ்ப் பிடிஎப் என்றால் தொல்லை இன்னும் அதிகம்.

எனவே மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கம்பியூட்டரில் கோப்பைத் திறந்து, மவுஸால் ஒரு வரியைத் தெரிவு செய்து பிரதி எடுத்து, ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டுங்கள். நான்கில் ஒன்று நடக்கும்.

ஒன்று, எதையும் தெரிவு செய்யவே முடியாது. அப்படியானால் அது ஸ்கேன் செய்த படம். உள்ளே எழுத்தே இல்லை, எழுத்தின் போட்டோதான் இருக்கிறது.

இரண்டு, ஒட்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக்கள் வரும். இது பாமினி போன்ற பழைய எழுத்துரு. எமது நாட்டில் பத்திரிகை, மலர், கல்யாணக் கார்ட் எல்லாம் நீண்ட காலம் பாமினியில்தான் அச்சாகின. அதில் 'தமிழ்' என்று எழுதியதைப் பிரதி எடுத்தால் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும். கலிபர் அதைத்தான் பார்க்கிறது. மாற்றினால் புத்தகம் முழுதும் அப்படியே.

மூன்று, தமிழ் வரும், ஆனால் உடைந்து வரும். கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' என்பது கொம்பு தனி, ககரம் தனி, அரவு தனி என்று நிற்கும்.

நான்கு, சுத்தமான யுனிகோட் தமிழ் வரும். இதைத்தான் நம்பி மாற்றலாம்.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு

நான்காவது வகையைக் கலிபரில் போட்டு எடுங்கள். கதை, கட்டுரை, வரலாறு என்றால் நன்றாக வரும். பக்க இலக்கமும் பக்கத் தலைப்பும் இடையிடையே வரியோடு கலந்துவிடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வகைக்கு எழுத்துரு மாற்றி வேண்டும். பிரதி எடுத்த எழுத்தை சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டி, பாமினி என்று தெரிவு செய்தால் யுனிகோட் தமிழாகும். ஒரு கவனம்: இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றி, பொருளில்லாத எழுத்தாக்கிவிடும். கம்பனிப் பெயர், வரியின் ஆங்கிலச் சுருக்கம் எல்லாம் இப்படிக் கெட்டுப்போகும்.

மூன்றாவது வகைக்கு, கோப்பை அனுப்பியவரிடம் மூலத்தைக் கேட்பதே நல்லது. வேர்ட் கோப்பு இருந்தால் அதைக் கேளுங்கள். ஒரு வட்ஸ்அப் செய்தியில் முடிகிற வேலைக்கு ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம்.

முதலாவது வகையான ஸ்கேன் கோப்புத்தான் எமக்கு அதிகம் கிடைப்பது. நூலகம் என்ற இணையத்தளத்தைப் பலர் அறிந்திருப்பீர்கள். 2005 தைப்பொங்கலன்று ஆரம்பித்து, இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் என்று பல்லாயிரக் கணக்கில் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். முஸ்லிம் எழுத்தாளர்களின் நூல்களும் எமது பழைய சஞ்சிகைகளும் அங்கே நிறைய. எங்கள் வாப்பாமார் வாசித்து, பின்னர் கரையானுக்குக் கொடுத்த பல நூல்களை நான் அங்கேதான் மீண்டும் கண்டேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை படங்கள்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வித்தைக்கு ஓசீஆர் என்று பெயர். கூகிள் டிரைவில் கோப்பை ஏற்றி, கூகிள் டொக்ஸ் மூலம் திறந்தால் தமிழையும் பிரித்துத் தரும். தெளிவான அச்சு என்றால் வியக்கத்தக்க விதத்தில் சரியாக வரும். மங்கிய அச்சு, பழைய ஈயெழுத்து என்றால் பிழைகள் மலியும். கோப்பு நீளமாக இருந்தால் துண்டு துண்டாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும்.

அவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கே2பிடிஎப்ஒப்ட் என்று ஒரு இலவச மென்பொருள். வாயில் நுழையாத பெயர், ஆனால் வேலை எளிது. அது எழுத்தை வாசிக்க முயல்வதில்லை. பக்கத்தின் படத்தைச் சொல் சொல்லாகக் கத்தரித்து, சிறிய திரைக்கு ஏற்றபடி பெரிதாக அடுக்கித் தருகிறது. தமிழோ சிங்களமோ அரபுத்தமிழோ அதற்குக் கவலையில்லை. இரண்டு பத்தியாக அச்சான சஞ்சிகையையும் முதலில் இடப்பத்தி, பின்னர் வலப்பத்தி என்று ஒழுங்காக்கும். அரபுத்தமிழ் என்றால் வலமிருந்து இடம் என்று அமைப்பில் சொல்லிவிட வேண்டும். பழைய தமிழ் நூல்களை வாசிக்க எனக்கு அதிகம் உதவுவது இதுதான்.

வெட்டு, திருப்பு

இப்போது அரிசி விலைக்கு வருவோம். அன்று என் கைக்கு வந்தது, உச்ச விலைகளை எடுத்து அட்டவணையாக்கிய ஒரு பிடிஎப். அதை ஈ-ரீடரில் வசதியாகப் பார்க்க வேண்டும் என்று கலிபரில் போட்டு மாற்றினேன். மென்பொருளுக்கு அட்டவணையின் கோடு தெரியாது. பெயர்களை ஒரு வரிசையாகவும் விலைகளை ஒரு வரிசையாகவும் பிரித்தெடுத்தது. பெயர் வரிசையில் தலைப்பும் ஒரு வரியாகச் சேர்ந்துகொண்டது, விலை வரிசையில் சேரவில்லை. ஒரு வரி பிசகிவிட்டது. எழுத்து பெரிதாக, தெளிவாக, அழகாகத்தான் இருந்தது. அதனால்தான் சந்தேகமே வரவில்லை. பார்த்துச் சொன்னேன், மருமகன் அட்டையில் எழுதினான்.

மங்கலான எழுத்தாக இருந்திருந்தால் இரண்டு தடவை பார்த்திருப்பேன். தெளிவான பிழைதான் ஆளைக் கவிழ்க்கிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம். வாசிக்கும் நூலை மாற்றுவேன். காசு சம்பந்தப்பட்ட ஆவணத்தை மாற்ற மாட்டேன். அதை வெட்டித் திருப்புவேன், அவ்வளவுதான்.

அது எப்படி? மறுபடியும் கணக்கைப் பாருங்கள். ஏ4 தாளில் இடமும் வலமும் இரண்டரை சென்ரிமீற்றர் வெற்று ஓரம் இருந்தால், எழுத்து நிற்பது 16 சென்ரிமீற்றரில்தான். பிரிஸ் என்ற இலவச மென்பொருளால் அந்த ஓரத்தை வெட்டிவிடலாம். அடுத்து ஈ-ரீடரைப் படுக்கையாகத் திருப்புங்கள். இப்போது திரையின் அகலம் 9 அல்ல, 12 சென்ரிமீற்றர். 16ஐ 12க்குள் அடைத்தால், 12 புள்ளி எழுத்து 9 புள்ளியாக வரும். முன்னர் 5 ஆக இருந்தது இப்போது 9. ஏறத்தாழப் பத்திரிகை எழுத்தின் அளவு. பக்கத்தின் மேற்பாதியை வாசித்துவிட்டுக் கீழ்ப்பாதிக்குப் போக வேண்டும் என்பது மட்டுமே சிரமம். ஓர் எண்ணும் இடம் மாறவில்லை, ஏனென்றால் எதையும் நாம் மாற்றவில்லை. கைத்தொலைபேசியிலும் இதே வித்தை ஓரளவு பலிக்கும்.

நாமே அனுப்பும் பட்டியல்

பிறர் அனுப்பும் கோப்பைப் பற்றிக் குறைபடும் நாமும், வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியலை ஏ4 அளவில்தானே அனுப்புகிறோம்? அதை யாரும் தாளில் எடுப்பதில்லை. எல்லோரும் கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள்.

இதற்குத் தமிழில் ஏற்கனவே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2013இல் தமிழ்நாட்டுத் தன்னார்வலர்கள் ஆரம்பித்த ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்ற தளம் இலவச மின்னூல்களை வெளியிடுகிறது. அக்காலத்துக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தது. கிண்டிலில் அமேசன் தமிழ் நூல்களை விற்கத் தொடங்கியதே 2016 டிசம்பரில்தான். ஆகவே அவர்கள் ஈபப், ஏ4 பிடிஎப் என்பவற்றோடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த ஒரு பிடிஎப்பையும் சேர்த்து வெளியிட்டார்கள். பெட்டியையே பைக்கெட் அளவில் செய்த மாதிரி. எழுத்தும் உடையாது, திரைக்கும் பொருந்தும்.

நாமும் அதைச் செய்யலாம். வேர்ட்டில் பக்க அளவை அகலம் 9, உயரம் 12 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். ஓரம் அரை சென்ரிமீற்றர் போதும். எழுத்து 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம். பிடிஎப்பாகச் சேமித்து அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்குப் பத்துச் சாமான்தான் வரும், ஆனால் பத்தையும் வாடிக்கையாளர் கண்ணாடி தேடாமல் வாசிப்பார். வாசிக்க முடிந்த பட்டியலுக்குத்தான் ஓடர் வரும்.

இரண்டு எச்சரிக்கைகள்

இணையத்தில் பிடிஎப்பை இலவசமாக மாற்றித் தரும் தளங்கள் ஏராளம். அவற்றில் ஏற்றும் கோப்பு யாரோ ஒருவருடைய கம்பியூட்டருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. கதைப்புத்தகம் என்றால் பரவாயில்லை. வங்கிக் கணக்கறிக்கை, அடையாள அட்டை, ஒப்பந்தம், கடன் கொப்பியின் படம் இவற்றை அங்கே ஏற்ற வேண்டாம். கலிபர், பிரிஸ் போன்றவை உங்கள் கம்பியூட்டருக்குள்ளேயே வேலை செய்பவை. ரகசியம் வீட்டைவிட்டு வெளியே போகாது.

மற்றது, பிறருடைய உழைப்பு. எமது நாட்டுச் சட்டப்படி நூலொன்றின் பதிப்புரிமை ஆசிரியர் வாழும் காலத்துக்கும் அவர் மறைந்து 70 ஆண்டுகளுக்கும் நிற்கும். உங்கள் கண்ணுக்கு வசதியாக மாற்றி வாசிப்பது வேறு, மாற்றிய கோப்பை நூறு பேருக்கு அனுப்புவது வேறு. நிறுவையில் ஏமாற்றாத நாம் இதிலும் ஏமாற்றக் கூடாது.

இறுதியாக ஒன்று. எத்தனை கருவி வந்தாலும் விலை அட்டை எழுதும்போது எங்கள் கடையில் இப்போது பழைய முறைதான். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வர்த்தமானி மூன்று மொழிகளிலும் கிடைக்கிறது. அந்த மூலத்தைத் திறந்து மருமகன் சத்தமாக வாசிப்பான். நான் அட்டையைப் பார்த்து ஆம் என்பேன். கையிருப்புக் கணக்கெடுக்கும்போது ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவோமே, அப்படி. ஐந்து நிமிடம் போகும்.

அந்த அம்மா இப்போதும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார். அரிசி எடுக்கும் முன் அட்டையை ஒரு தடவை பார்ப்பார், பிறகு என்னை ஒரு தடவை பார்ப்பார். "பார்த்துட்டேன்மா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துட்டோம்" என்பேன்.